கரையில் சொன்ன சொல்



சென்ற கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்புகள் முடிவுற்றதும், ஆசிரியப் பெருமக்களும் சில குடும்பத்தினரும் ஒரு நாள் ஒகேனக்கல் சென்று வர விரும்பினர். நம்மையும் உடன் வருமாறு வற்புறுத்தினர். காலைத் திருப்பலி முடிந்த கையோடு ஓசூரிலிருந்து பேருந்தில் புறப்பட்டோம். தேன்கனிக்கோட்டையைக் கடந்தோம், அஞ்செட்டியைக் கடந்தோம், காடும் மலையும் இருபுறமும் நெருங்கி வந்தன. ஆலையில் இரவுப் பணி முடித்து, உறங்காமலே வந்திருந்த தந்தையர் சிலர், பிள்ளைகள் பாடிய பாட்டுக்கிடையே தலை சாய்த்து உறங்கினர். காவிரியின் இரைச்சல் கேட்ட பிறகே கண் விழித்தனர்.

அங்கு நிகழ்ந்தது மிகச் சிறிய நிகழ்ச்சி. செய்தித்தாளில் இடம்பெறத் தக்கதன்று. ஆயினும் அந்நிகழ்ச்சி அன்று முதல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பிள்ளைகளை வழிநடத்தும் பொறுப்பேற்ற நம் போன்றோருக்கும் அதில் பாடம் உண்டு என நம்புவதால், இம்மாதம் அதனையே எழுதத் துணிகிறோம்.

பரிசல் துறையில் குடும்பம் குடும்பமாகப் பரிசலில் ஏறிக் கொண்டிருந்தோம். நாம் ஏறிய பரிசலில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தையும் அவருடைய உறவினரும் அமர்ந்தனர். ஏற்றிச் செல்லக்கூடிய தொகை அத்துடன் நிறைவுற்றது. அத்தந்தையின் எட்டு வயது மகன், தன் தாயோடு அடுத்த பரிசலில் வர வேண்டியவன், "அப்பாவோடதான் போவேன்" என்று கரையில் நின்று அழத் தொடங்கினான். தந்தையின் முகம் வாடிற்று. சிறுவன்தானே, நம் மடியிலேயே அமர்த்திக் கொள்கிறோம் என்று பரிசல்காரரிடம் கூறினோம். அவர் துடுப்பைக் கையில் வைத்தபடி தலையை அசைத்தார்.

"பரிசல் நிறைஞ்சிடுச்சுங்க சாமி. பையன் அடுத்த பரிசல்ல வரட்டும்."

மறுமுறையும் கேட்டோம். மூன்றாம் முறை கேட்டபோது நம் குரலில் சற்றே கடுமை கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ முப்பதாண்டுகளாக, நம் சொல்லைத் தட்டாத மக்களிடையே வாழ்ந்து பழகிவிட்டோம். அவரோ குரலை உயர்த்தவில்லை.

"நீங்க பெரியவங்க, சொல்றீங்க. ஆனா தண்ணிக்கு அது தெரியாதுங்க சாமி."

கரையில் நின்ற சிலர் சிரித்தனர். நமக்குச் சிறிது நாணமாயிருந்தது. சிறுவனைத் தாயின் கையில் ஒப்படைத்தார் பரிசல்காரர். அடுத்த பரிசலை ஓட்டுபவரை அழைத்து, "இந்தப் பையனை முன்னால பார்க்கிற மாதிரி உக்கார வை" என்று சொன்னார். அதன் பின்னரே துடுப்பை நீரில் இட்டார்.

ஒகேனக்கல்லை நேரில் காணாத வாசகர் சிலர் இருக்கலாம். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, கருநாடகத்தில் நெடுந்தொலைவு ஓடி வரும் காவிரி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையில் பிலிகுண்டுலு என்னுமிடத்தில் தமிழ்நாட்டைத் தொடுகிறது. அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, ஆண்டுதோறும் நமக்கு வர வேண்டிய 177.25 டி.எம்.சி. நீர் அளக்கப்படுவது அவ்விடத்தில்தான். அங்கிருந்து காட்டு வழியே இறங்கி, தருமபுரி மாவட்டத்துள் ஒகேனக்கல்லை அடைகிறது ஆறு. அங்கே சின்னாறு அதனோடு கலக்கிறது. ஒரு கரை தமிழ்நாடு, மறுகரை கருநாடகம். பரிசல்காரர்கள் இரு மொழியும் பேசுகின்றனர்.

'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' என்றால் பாறை. நீர் விழும் வேகத்தில் எழும் திவலை புகைபோல் பாறைகளைச் சூழ்வதால் வந்த பெயர் அது. ஒகேனக்கல்லில் கார்பனடைட் என்னும் அரிய வகைப் பாறையும் உண்டு. அவ்வகையில் உலகில் மிகத் தொன்மையானவற்றுள் அதுவும் ஒன்று எனப் புவியியல் வல்லார் கருதுகின்றனர். பரந்து வந்த ஆறு இப்பாறைகளிடையே பல கிளைகளாகப் பிரிந்து, அருவிகளாக வீழ்ந்து, பின்னர் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஒடுங்கி ஓடுகிறது. அதற்கு அப்பால் ஆறு மேட்டூர் நோக்கிச் செல்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மேட்டூர் அணை, 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. நீரைக் கொள்ளும்.

இத்தனையும் எங்கோ தொலைவில் நிகழ்பவை என்று எண்ண வேண்டா. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்களில் எத்தனையோ பிள்ளைகளின் பற்கள் கறைபட்டன; பெரியவர்களின் எலும்புகள் நலிந்தன. அதனைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அக்காவிரி நீர்தான் இன்று ஓசூர்க் குழாய்களிலும் வருகிறது. உயிர் காக்கும் அதே நீர்தான், மதியாதவனின் உயிரை வாங்கவும் செய்கிறது.

அருவிக்குக் கீழே பரிசல் செலுத்துவது ஏன் கடினம் என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம். மேலிருந்து விழும் நீர் நேரே முன்னோக்கி ஓடிவிடும் என்றே கரையில் நிற்பவர் எண்ணுவர். உண்மை அதுவன்று. விழும் நீர் அடியாழம் வரை சென்று, புரண்டு மேலெழுந்து, அதில் ஒரு பகுதி மீண்டும் அருவியை நோக்கியே திரும்புகிறது. ஆகவே அருவியின் அடியில் மேற்பரப்பு நீர் மனிதனைத் தள்ளுவதில்லை, இழுக்கிறது. மேலும், வெண்ணுரையாய்த் தோன்றும் அந்நீரில் காற்று மிகுதியாகக் கலந்திருப்பதால் அது உடலைத் தாங்குவதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவனும் அதில் மிதக்க மாட்டான். "ஆழமறியாமல் காலை விடாதே" என்றனர் முன்னோர். ஆழம் அறிந்தும் பயனில்லாத இடம் இது.

வெள்ளை நீரில் படகு செலுத்துவோர், ஆற்றின் கடுமையை உலகெங்கும் ஆறு படிகளாக வகுத்துள்ளனர். முதற்படி சிறு அலை. ஐந்தாம் படி, தேர்ந்தவர்க்கே உரியது. ஆறாம் படியோ, பெரும்பாலும் இறங்கவே கூடாதது. கங்கையில் ரிஷிகேஷ் அருகே காற்றடைத்த ரப்பர்ப் படகுகளில் தலைக்கவசம் அணிந்து இளைஞர்கள் செல்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் முதலில் கற்பது படகு செலுத்துவதையன்று. எங்கே செலுத்தக் கூடாது என்பதையே.

நம் பரிசலோ மிக எளியது. பிளந்த மூங்கிலை முடைந்து செய்த பெரிய கூடை அது. குறுக்களவு ஏழெட்டு அடி இருக்கும். முற்காலத்தில் அதன்மேல் தோல் போர்த்தினர். இப்பொழுது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். முன்புறம் என்றும் பின்புறம் என்றும் அதற்கு ஏதுமில்லை. அடிப்பகுதி தட்டையாயிருப்பதால் நீரில் ஆழமாய் அமிழாது. பாறை தட்டும் இடங்களிலும் வழுக்கிச் செல்லும். நீரோட்டம் தடைப்படும் இடத்தில் அதனைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக் கொண்டு ஒருவரே நடந்து விடுகிறார்.

இவ்வகைப் படகு மிகப் பழைமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், பாபிலோன் நாட்டு ஆற்றில் கேடயம்போல் வட்டமான தோற்படகுகள் வந்ததை வியந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதையும் பயணம் செய்யுமாம். ஊர் வந்து சேர்ந்ததும் சரக்கையும் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதையின்மேல் ஏற்றிக் கொண்டு தரைவழியே திரும்புவார்களாம். ஆற்றை எதிர்த்துச் செல்ல இயலாது என்பதே காரணம். 1520-ஆம் ஆண்டையொட்டி விசயநகரம் வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், கூடைபோன்ற வட்டப் படகுகளில் மக்களும் குதிரைகளும் மாடுகளும் ஆற்றைக் கடந்ததைக் குறித்து வைத்துள்ளார்.

பரிசலுள் அமர்ந்து தார் மணத்தை முகர்ந்தபோது, நமக்கு வேறொரு கூடையின் நினைவும் வந்தது. நம் முதியோர் மோயீசன் என்றழைக்கும் மோசேயை, அவர்தம் தாய் நாணற்கூடையில் வைத்தபோது, அதற்குக் கீலும் தாரும் பூசியதாக விடுதலைப் பயண நூல் கூறுகிறது. நோவாவின் பேழைக்கும் உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டது. இறைவன் தம் மீட்புத் திட்டத்தை ஒருமுறை மரப் பேழையிலும், மறுமுறை ஒரு கூடையிலும் ஒப்படைத்தார். ஆனால் அத்தாய் வெறுங்கூடையைப் பெருவெள்ளத்தில் விட்டுவிடவில்லை. கரையோர நாணற்புதரில் இடம் பார்த்து வைத்தாள். மகளைத் தொலைவில் காவல் நிறுத்தினாள். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று என்பதை அப்பெண்மணி அறிந்திருந்தாள்.

இனிப் பயணத்துக்கு வருவோம். எல்லோரும் பாதுகாப்புச் சட்டை அணிந்து, விளிம்பில் முதுகு சாய்த்து, வட்டமாகப் பரிசலின் அடியில் அமர்ந்தோம். பரிசல்காரர் துடுப்பைத் தமக்கு முன்னே இட்டு, நீரைத் தம்மை நோக்கி இழுத்தார். ஒரு முறை வலப்புறம், ஒரு முறை இடப்புறம். சற்றே கை தவறினாலும் வட்டப் பரிசல் பம்பரமாய்ச் சுழலும். விளையாட்டாக ஒருமுறை அவரே சுழற்றியும் காட்டினார். பரிசலில் தின்பண்டங்களை அடுக்கிக் கொண்டு, நீர்மேலேயே கடை நடத்துபவர் ஒருவர் எதிர்ப்பட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாயிற்று.

நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டிய இடத்தில் அவர் செய்தது நம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஆற்றின் நடுவே செல்லாமல் பாறைச் சுவரை ஒட்டியே சென்றார். பெரும்பாறைக்குப் பின்னே நீர் சுழித்து எதிர்த்திசையில் மெல்ல ஓடும். அந்த ஓட்டத்தின்மேல் பரிசலை ஏற்றி, ஒரு பாறையின் நிழலிலிருந்து அடுத்த பாறையின் நிழலுக்கு நகர்ந்தார். ஆற்றோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. ஆற்றை அவர் படித்திருந்தார்.

அருவிகளை அண்ணாந்து பார்க்கும் இடம் வந்தது. இருபுறமும் பாறைச் சுவர்கள். காது செவிடாகும் முழக்கம். திடீரெனக் காற்றுத் திசை மாறி, ஒரு பெருந்திவலை நம்மேல் வீசியது. அக்கணம் நாம் அனைவரும் ஒருசேர மறுபக்கம் சாய்ந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை; உடல் தானே சாய்ந்தது. பரிசலின் ஒரு விளிம்பு நீருக்கு நான்கு விரற்கடை உயரத்தில் நின்றது. நம் இரு கைகளும் இறுகப் பற்றியிருந்தது அந்த விளிம்பைத்தான்.

"உக்காந்த எடத்துலயே உக்காருங்க!" என்று குரல் கொடுத்து, துடுப்பை ஒருமுறை ஆழ இட்டு, பரிசலை நிமிர்த்தினார் அவர். எல்லாம் ஒரு நொடி. பிறகு நீர் அமைதியாயிற்று. அப்போதுதான் நம் கைகளைப் பார்த்துக் கொண்டோம். அச்சிறுவன் நம் மடியில் இருந்திருந்தால், இக்கைகள் எதைப் பற்றியிருக்கும்? விளிம்பையா, பிள்ளையையா?

கரை சேர்ந்ததும் அவரிடம் சென்று, நாம் வற்புறுத்தியது தவறு என்று கூறினோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. "எடைக்காகச் சொல்லலீங்க சாமி. தண்ணி அடிச்சா எல்லாரும் ஒரு பக்கமா சாய்வாங்க. புள்ளையைப் புடிச்சிருக்கிற கை விளிம்பைப் புடிக்காது" என்றார். அடுத்த பரிசலும் நலமே வந்து சேர்ந்தது. ஒன்றும் நேரவில்லை.

அன்பர்களே, இந்த 'ஒன்றும் நேரவில்லை' என்பதைத்தான் சிந்திக்க வேண்டும். அனுமதிப்பதன் பயன் உடனே கண்ணுக்குத் தெரியும்: பிள்ளையின் முகம் மலரும், அழுகை நிற்கும், நன்றி கிடைக்கும். மறுப்பதன் பயனோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் நேராத ஒன்றே அதன் பயன். நேராத துன்பத்துக்காக எவரும் எவருக்கும் நன்றி சொல்வதில்லை. ஆகையால்தான் மறுக்கும் பணி உலகில் மிகவும் தனிமையான பணியாய் இருக்கிறது.

அதற்கு விலையும் உண்டு. குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜசாகரமும் நிரம்பித் திறக்கப்படும். ஒகேனக்கல்லிலோ வானம் தெளிந்திருக்கும், வெயில் காயும். பார்த்துக் கொண்டிருக்கும்போதே நீர் ஏறும். பிலிகுண்டுலுவில் அளந்து கணக்கிட்டு, பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட ஆட்சியர் தடை விதிப்பார். 2018 சூலையில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அம்மாதம் 23-ஆம் நாள் மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. ஒரு லட்சம் கன அடி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர் நீர். அத்தகைய நாள்களில் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். மீன் வறுத்து விற்கும் பெண்களுக்கும், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளருக்கும், பரிசல்காரருக்கும் வருமானம் இராது. மறுப்பின் பயனை நாம் பெறுகிறோம். அதன் விலையை அவர்கள் வீட்டு அடுப்பு தருகிறது. தடை நாளில் அங்கு சென்று, "இவ்வளவு தொலைவு வந்தோமே, ஒரே ஒரு முறை" என்று பணத்தைக் காட்டி அவர்களை மயக்குவது எத்தகைய பாவம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதுவரை எழுதியதை எழுதுவதற்கு நமக்குத் தயக்கமில்லை. இனி எழுதப் போவதை எழுதத் தயங்குகிறோம். எனினும் எழுதாவிடின் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றிய காலத்தில், இளைஞன் ஒருவனை நாம் அடக்கம் செய்தோம். வயது பத்தொன்பது. நண்பர்களோடு காவிரியின் ஒரு துறைக்குக் குளிக்கச் சென்றவன். ஆற்றில் நீர் ஏறியிருந்த நாள் அது. கல்லறையில் மண் இட்டபின், அவன் தந்தை நம் கையைப் பற்றிக் கொண்டு, "போகாதேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு சாமி. கோவிச்சுக்குவானேன்னு விட்டுட்டேன்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவர் நாம். ஆனால் நம் நா எழவில்லை. ஏனெனில் அன்று காலை அப்பிள்ளைகள் புறப்படுமுன் கோவிலுக்கு வந்து நம்மையும் கண்டு சென்றிருந்தனர். ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்து, "நல்லா போயிட்டு வாங்க" என்றே அனுப்பினோம். ஆற்றில் நீர் எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர்கள் முகம் சற்றே சுருங்கியிருக்கும், அவ்வளவுதான்.

நாம் தந்த ஆசீர் வீண் என்று சொல்ல மாட்டோம். அம்மகன் இறைவனின் இரக்கத்தில் இருக்கிறான் என்று நம்புகிறோம். நாள்தோறும் பலிபீடத்தில் அவனை நினைவுகூர்கிறோம். ஆயினும், ஆசீர் அளிக்கும் கை, தடுக்க வேண்டிய நேரத்தில் தடுக்கும் கையாகவும் இருக்க வேண்டும் என்பதை நாம் கற்றுக் கொண்ட விலை பெரிது. அதனால்தான் பரிசல்காரரின் மறுப்பைக் கேட்டபோது முதலில் சினமும், பின்னர் கண்ணீரும் வந்தன.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் குடும்பங்களின் நிலையை நாம் அறிவோம். தந்தைக்கு ஒரு முறைப்பணி, தாய்க்கு வேறொரு முறைப்பணி. ஒருவர் வரும்போது மற்றவர் புறப்படுவார். பிள்ளைகளோடு ஒருங்கே அமரும் நேரம் வாரத்தில் சில மணிதான். "இருக்கிற கொஞ்ச நேரத்துல திட்டவா முடியும் சாமி?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்டிருக்கின்றனர். பிள்ளைகளோடு இல்லாமற்போன நேரத்துக்கு ஈடாக அவர்கள் இசைவைத் தருகின்றனர். 18 வயது நிரம்பாத மகனுக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கிறது. கனரக லாரிகள் ஓயாது ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையில் அவன் அதனை ஓட்டுகிறான். நள்ளிரவுவரை கைப்பேசி கிடைக்கிறது. தவணைக் கடனில் ஆடம்பரம் கிடைக்கிறது. இவை எல்லாம் அன்பினாலேயே தரப்படுகின்றன, நாம் மறுக்கவில்லை. ஆனால் மடியில் அமர்த்திக் கொள்கிறோம் என்று நாம் சொன்னதும் அன்பினால்தான்.

எப்படி மறுப்பது என்பதை அப்பரிசல்காரரிடமே கற்றுக் கொள்வோம். முதலாவது, அவர் கரையிலேயே மறுத்தார். நட்டாற்றில் சென்றபின் கடிந்து கூவுவதால் பயனில்லை. அங்கு அசைவே ஆபத்து. "வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது பழமொழி. இரண்டாவது, அவர் சிறுவனை இழிவுபடுத்தவில்லை. அவனுக்கு வேறொரு பரிசலும், அதில் நல்லதோர் இடமும் காட்டினார். மாற்று வழி காட்டாத மறுப்பு, கதவை முகத்தில் அறைவதற்கு ஒப்பாகும். மூன்றாவது, காரணத்தைக் கூறினார். நம் தகுதிக்கு அஞ்சி மாற்றிப் பேசவில்லை. நான்காவதே தலையாயது: நம்மைத் தடுத்தவர் கரையில் நின்றுவிடவில்லை. நம்மோடு அதே பரிசலில் அமர்ந்து துடுப்பிட்டார். தான் இறங்காத ஆற்றைப் பற்றி அறிவுரை கூறுபவனின் சொல்லைப் பிள்ளைகள் கேட்பதில்லை. கைப்பேசியை விட்டு விலகாத தந்தை மகனிடமிருந்து அதனை எவ்வாறு வாங்குவார்?

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை இவ்வாரம் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். சிறைக்கைதியாய்க் கப்பலில் சென்ற புனித சின்னப்பர், கிரேத்துத் தீவின் துறைமுகத்திலேயே எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினான். தென்றல் மெல்ல வீசிற்று. எல்லாம் நலம் என எண்ணிப் பாய் விரித்தனர். பின்னர் பெரும்புயல், பதினான்கு இரவுகள் அலைக்கழிவு. ஆயினும் தம் சொல்லைக் கேளாதவர்களைச் சின்னப்பர் கைவிட்டாரா? இல்லை. அவர்களுக்காக மன்றாடினார், உணவு உண்ணச் செய்தார், கப்பலை விட்டுத் தப்ப முயன்ற மாலுமிகளைத் தடுக்கச் செய்தார். கப்பல் உடைந்தது, அதிலிருந்த 276 பேரும் மால்தாக் கரை சேர்ந்தனர். கரையில் சொன்ன சொல் கேட்கப்படாதபோதும், சொன்னவர் கப்பலை விட்டு நீங்கவில்லை. தம் பிள்ளைகள் சொல் கேளாது போய்விட்டார்களே என்று கலங்கும் பெற்றோருக்கு இதனினும் பெரிய ஆறுதலை நாம் அறியோம்.

மகனை இழந்த அத்தந்தையை இன்றும் ஆண்டுதோறும் காண்கிறோம். மகன் நினைவு நாளில் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி வருவார். சென்ற முறை வந்தபோது, தம் தெருப் பிள்ளைகள் ஆற்றுக்குப் புறப்பட்டால் தாம் வாசலில் நின்று, "தண்ணி எவ்வளவு போகுது, கேட்டீங்களா?" என்று வினவுவதாகச் சொன்னார். சிலர் சிரிக்கிறார்களாம், சிலர் ஏசுகிறார்களாம். ஒருமுறை நால்வர் திரும்பி வீட்டுக்குச் சென்றுவிட்டார்களாம். அந்நால்வரும் இன்றுவரை அவருக்கு நன்றி கூறியதில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

நம்மோடு ஒகேனக்கல் வந்த அச்சிறுவனைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் பேருந்தில் திரும்பும்போது நம் அருகில் அமர மறுத்துவிட்டான். அப்பாவோடு போகக் கூடாது என்று தடுத்தவர் நாமே என்பது அவன் எண்ணம். ஞாயிறு மறைக்கல்வியில் இன்னும் நம்மைச் சற்று முறைத்தே பார்க்கிறான். அப்பெருமைக்கு நாம் உரியவரல்லோம். ஆயினும் அவன் எண்ணத்தை நாம் திருத்தவில்லை. அந்தப் பழியைச் சுமப்பது நமக்கு இனிமையாகவே இருக்கிறது.

உங்கள் இல்லங்களின் பரிசலை ஆண்டவர் காப்பாராக. கடல் தாயாம் ஆரோக்கிய அன்னை, கரையில் சொல்ல வேண்டிய சொல்லைக் கரையிலேயே சொல்லும் துணிவை நமக்குப் பெற்றுத் தருவாராக.